நெடுமாறன் கேட்ட மன்னிப்பு

எழுதிய பெண் யாரோ, எந்த ஊரோ, அவள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் என் கையில் கிடைத்தால் ஒரு நாள் முழுக்கக் கட்டாந்தரையில் கபடி ஆட விட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். போனில் தொடராக வந்த கதை அது. திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் நாலு மணிக்கு ஓர் அத்தியாயம். மொத்தம் நாற்பத்தொன்பது அத்தியாயம் படித்தேன். அதில் நாற்பத்தெட்டுக்குக் கீழே கருத்துப் பெட்டியில் திட்டி எழுதியிருக்கிறேன். "பிடிக்கலைன்னா விட்டுத் தொலையேன் மேகலா" என்பார் குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டேனா?

கதை இதுதான். நெடுமாறன் கபடி வீரன். ஆறடி இரண்டு அங்குலம், சிரித்தால் கன்னத்தில் குழி. கயல்விழியும் கபடி ஆடுகிறவள். இரண்டு பேருக்கும் காதல். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அவளை ரயில்வே ஸ்டேஷனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு இவன் வேறு ரயிலேறிப் போய்விடுகிறான். பத்து வருஷம் பேச்சுமூச்சு இல்லை. அப்புறம் இந்திய அணியின் கேப்டனாகி, பெரிய கார் ஒன்றில் வந்து இறங்குகிறான். இவள் அந்தப் பத்து வருஷமும் வேறு ஜோலியே இல்லாமல் அவன் கொடுத்த பனியனை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கபடியில் ஒருத்தி பாடிப் போனால் முப்பது விநாடி. அதற்குள் தொட்டுத் திரும்ப வேண்டும். இந்தப் பெண் ஒரு பாட்டத்தை மூன்று பக்கம் எழுதுகிறாள். நெடுமாறன் எதிர்க் களத்துக்குள் போகிறான், கூட்டத்தில் கயல்விழியைத் தேடிப் பிடிக்கிறான், மழை பெய்த ஒரு பழைய நாளை முழுசாக நினைத்து முடிக்கிறான், அதற்கப்புறம் சாவகாசமாக ஏழு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். வேர்க்கவே இல்லை. அவன் மேல் சந்தன வாசம் வேறு வீசுகிறதாம். நான் ஆறு வருஷம் கபடி ஆடியவள். ஆட்டம் முடிந்து வருகிற ஆள் மேல் என்ன வாசம் வரும் என்று எனக்குத் தெரியும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் வயிறு எரிந்தது வேறு இடத்தில். அவன் விட்டுப் போனதற்கு வில்லன் மிரட்டினான் என்று ஒரு காரணம், எழுதிய கடிதம் தொலைந்துபோனது என்று இன்னொரு காரணம். விட்டுப் போனவன் மேல் ஒரு தூசி படக்கூடாது, அப்படிப் பொத்திப் பொத்தி எழுதுகிறாள். இவளும் மன்னித்துவிடத் தயாராக இருக்கிறாள். அவ்வளவு சுலபமா? அதுதான் எனக்கு ஆகவில்லை.

இது ஏன் எனக்கு ஆகவில்லை என்பதற்கு அமிர்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புரட்டாசிக் கடைசி. குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் இருந்தேன். எனக்கு முன்னால் இருபது குவியல். சாக்கு வரவேண்டும், லாரி வரவேண்டும், ஈரப்பதம் பதினேழுக்குள் நிற்கவேண்டும், வானம் சும்மா இருக்கவேண்டும். எதுவும் நம் கையில் இல்லை. காலையில் தார்ப்பாயை விலக்கி நெல்லைப் பரப்புவோம், காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிடுவோம், சாயங்காலம் கூட்டி மூடுவோம். மற்ற நேரமெல்லாம் போன்தான் துணை. வலது பக்கத்துக் குவியல் ஐயாவு அண்ணனுடையது. அறுபத்தைந்து வயது, வாய் ஓயாத மனிதர். இடது பக்கம் காலியாக இருந்தது.

புதன்கிழமை காலையில் அந்தக் காலி இடத்தில் ஒரு டிராக்டர் வந்து நெல்லைக் கொட்டியது. பக்கத்து ஊர் நிலையம் இந்த வருஷம் இன்னும் திறக்கவில்லை, அங்கிருந்து வந்த நெல். டிராக்டரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இடது காலை முதலில் ஊன்றிவிட்டு, வலது காலைக் கையால் தாங்கி இறக்கி வைத்தாள். முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. அமிர்தம்.

அவளும் என்னைப் பார்த்தாள். "உங்க தார்ப்பாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்குங்க" என்றாள்.

அஞ்சாம் வகுப்பிலிருந்து என்னை "ஏண்டீ" என்று மட்டுமே கூப்பிட்டவள். 'போட்டுக்குங்க' என்றாள். கன்னத்தில் அறைந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. "சரிங்க" என்று தார்ப்பாயை இழுத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் பாபநாசத்தில் ஒரே பள்ளிக்கூடம். விளையாட்டு டீச்சர் தர்மாம்பாள். டீச்சருக்கு எங்கிருந்து அந்தப் பைத்தியம் பிடித்ததோ, அறுப்பு முடிந்த வயலில் தாளை வெட்டி, தண்ணீர் விட்டு, மிதித்து, கபடிக் களம் ஆக்கிவிட்டார். விடிகாலையில் பனி இறங்கிக்கொண்டிருக்கும். கால் விறைக்கும். அமிர்தம் முதல் ஆளாக நிற்பாள். லாரியில் நின்றுகொண்டே ஊர் ஊராக ஆடப் போவோம். ஜெயித்தால் எவர்சில்வர் குடம். ஒருமுறை ஜெயித்த குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதையே தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். ஊர் வந்து சேர்வதற்குள் குடம் நசுங்கிவிட்டது. டீச்சர் திட்டிவிட்டு, அவரே பரோட்டா வாங்கிக் கொடுத்தார். ஒரு தட்டில் இரண்டு பேர். அமிர்தம் சால்னாவைக் கடைசிச் சொட்டு வரை விட மாட்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அப்புறம் எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தால் சட்டென்று ஒன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

பிடிக்கிற பக்கத்தில் நானும் அவளும் ஜோடி. ஓரத்தில் அவள், அவளுக்குப் பக்கத்தில் நான். கை கோர்த்து நிற்போம். பாடி வருகிறவளின் காலில் அவள் பாய்வாள். நான் அவள் கையை விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். விட்டால் எதிராளி அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு பாய்வாள். நான் இருக்கிறேன் என்கிற தைரியம்.

இரண்டாயிரமாவது வருஷம், பொங்கல் முடிந்த வாரம், பட்டுக்கோட்டையில் மாவட்ட இறுதி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அமிர்தத்தை எடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எடுத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும். அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்தக் காக்கிச் சட்டையை அந்த வீட்டில் எல்லோரும் மனசுக்குள் ஒருமுறை துவைத்து மடித்து வைத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. "பொண்ணு டவுசர் போட்டுக்கிட்டு ஆடறதெல்லாம் வேணாம்." அதெல்லாம் எப்போதோ விட்டுவிட்டாள் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் அத்தை வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத்தான் பட்டுக்கோட்டைக்குப் போனேன்.

ஆட்டத்தில் அமிர்தம் பாய்கிற அதே நொடியில் கூட்டத்தில் ஒரு பச்சைத் துண்டைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன், பூதலூர்க்காரர். பெண் பார்க்க வந்தபோது அவருக்கு முன்னால் குனிந்து காபித் தட்டை நீட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டார், கல்யாணம் போச்சு, அப்பா மானம் போச்சு. என் கை முகத்தை மூடப் போனது. அமிர்தத்தைப் பிடித்திருந்த கை.

அவள் மேல் நாலு பேர் விழுந்தார்கள். வலது முழங்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"வேர்வைல வழுக்கிடுச்சு டீச்சர்" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அமிர்தம் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பத்தாம் நாள் எனக்குக் கல்யாணம். பந்தியில் பூதலூர் மாமாவுக்குப் பாயசம் ஊற்றும்போதுதான் அவர் முகத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன். பட்டுக்கோட்டையில் நின்றது இவர் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் காபி கொடுத்தவள் நான். அவர் முகம் எனக்கு எப்படித் தெரியும்? பச்சைத் துண்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் பச்சைத் துண்டு போடாத ஆம்பிளை யார்? எவனோ கடலை தின்றுகொண்டு நின்றவனுக்குப் பயந்து அவள் காலை உடைத்துவிட்டேன்.

அமிர்தத்துக்குத் தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. நான் போகவில்லை. புதுப்பெண், எப்படிப் போவது என்று இருந்தேன். அப்புறம் தள்ளிப்போயிற்று. அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று ஆகிவிட்டது. நான் வாழ வந்த ஊருக்கும் அவள் ஊருக்கும் பஸ்ஸில் இரண்டே ஸ்டாப்பு. இருபத்து நாலு வருஷம். கடைத்தெருவில் அவள் நடையைப் பார்த்தால் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவேன். கதையில் வருகிற அந்த நெடுமாறனுக்காவது வில்லன் இருந்தான்.

வியாழக்கிழமை முற்பகல். நான் போனைப் பார்த்து, "கருமம், கருமம்" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். பழைய அத்தியாயங்களைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், அது ஒரு வியாதி.

"என்னத்தைத்தான் படிக்கிற, சத்தமாப் படியேன். நாங்களும் சும்மாதானே கெடக்கோம்" என்றார் ஐயாவு அண்ணன்.

படித்தேன். ஸ்டேஷன், ரயில், பத்து வருஷம், கார், எல்லாம் படித்தேன். ஐயாவு அண்ணன் அந்தக் கதையில் அப்படியே விழுந்துவிட்டார். "பாவம்டா அவன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமிர்தம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் நடந்த இடத்தில் நெல்லில் ஒரு கோடு ஆழமாகவும் ஒரு கோடு லேசாகவும் விழுந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் நான் போனைப் பார்த்தேன்.

நெடுமாறன் மூன்று பக்கம் பாடிய இடம் வந்தது. "அஞ்சு நிமிஷம் மூச்சு விடாமல் பாடினான்" என்று படித்தேன்.

"அஞ்சு நிமிஷமா?" முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிவிட்டாள். "அவன் மனுசனா, தண்ணி எறைக்கிற மோட்டாரா? நடுவர் எங்க போனாரு, டீ குடிக்கவா?"

என்னை மீறிச் சிரித்துவிட்டேன். அவளுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள். அப்படியே வந்து தன் குவியல் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "படிங்க" என்றாள், ஐயாவு அண்ணனைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு முழுக்கப் படித்தோம். படித்தது பாதி, திட்டியது பாதி. பாய்ந்து பிடிக்கிறவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடுகிறாள் என்று வந்ததும், "அந்த முடியைப் புடிச்சு ஒருத்தி சுத்தியிருந்தா தெரியும்" என்றாள் அமிர்தம். தர்மாம்பாள் டீச்சர் எங்கள் சடையை மடித்து ரிப்பனால் கட்டுகிற இறுக்கத்தில் கண் மேலே ஏறிக்கொள்ளும். அது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நெற்றியைத் தொட்டுக்கொண்டோம், பிறகு வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

ஆனால் நெடுமாறன் விட்டுப்போன இடம் வந்தால் அவள் குரல் மாறிவிடும்.

"பத்து வருசமா அவனுக்குக் கால் இல்லையா? பஸ் ஓடலையா?" என்றாள்.

"வில்லன் மிரட்டினானே ஆத்தா" என்றார் ஐயாவு அண்ணன்.

"வில்லன் எத்தனை நாளைக்கு மிரட்டுவான்? ஒரு வருசம். ரெண்டு வருசம். மிச்சம் எட்டு வருசம் எவன் மிரட்டினான்? போக மனசில்லை, அதைச் சொல்லச் சொல்லு."

நான் போனுக்குள் குனிந்துகொண்டேன். ஐயாவு அண்ணன் விடவில்லை. "அதான் அவ பேர்ல ஊருக்கே ஸ்டேடியம் கட்டிக் குடுத்துட்டானே."

"அவ கேட்டாளா ஸ்டேடியம்? கட்டடத்தைக் கட்டினா சரியாப் போச்சா?" என்றாள் அமிர்தம்.

போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி மூடிவைத்தேன். சார்ஜ் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசி அத்தியாயம் வரவேண்டிய நாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நெல் முழுக்கப் பரந்து கிடந்தது. எல்லோரும் கூட்டுகிற பலகையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அமிர்தம் ஓட முடியாமல் நொண்டி நொண்டிக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் யோசிக்கவே இல்லை. அவள் பலகையைப் பிடுங்கி, அவள் நெல்லைத் தள்ளிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரத்துக்குக் கல் வைத்தேன். அதற்கப்புறம் என் நெல்லுக்கு ஓடினேன். ஓரமாகக் கிடந்ததெல்லாம் நனைந்துவிட்டது. பத்து நிமிஷம்தான் பெய்தது, போதும் போதும் என்று ஆக்கிவிட்டுப் போய்விட்டது.

"அறிவிருக்காடீ உனக்கு? உன் நெல்லை யாருடீ மூடுவா?" என்று கத்தினாள் அமிர்தம்.

டீ என்றுவிட்டாள்! நனைந்த நெல்லை மறந்து பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் மட்டும் இளகவில்லை. "நெல்லை மூடிட்டா சரியாப் போச்சா?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தார்ப்பாய் மேல் நின்ற தண்ணீரைத் தள்ளப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஐயாவு அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "வந்துடுச்சா? ரெண்டும் சேந்துச்சா?"

அமிர்தமும் வந்தாள். நனைந்த எங்கள் குவியல்களைக் காயட்டும் என்று தள்ளி வைத்துவிட்டார்கள், அவளுடைய குவியலுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு குவியல். சாக்கு வந்துவிட்டது, எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். எடை போட்டுவிட்டால் அவள் டிராக்டரில் ஏறிப் போய்விடுவாள். நாளைக்கு நான் மறுபடியும் சந்தில் நுழைந்துகொள்ள வேண்டியதுதான். இதை நினைத்துக்கொண்டே போனைத் திறந்தேன்.

கடைசி அத்தியாயம். நான் எதிர்பார்த்த அதே கண்றாவி. மழை. குடை. கயல்விழி அழுகிறாள். நெடுமாறன் ஒற்றைக் காலில் மண்டியிட்டு, "உன் நல்லதுக்காகத்தான் உன்னை விட்டுப் போனேன் கயல்" என்கிறான். அவன் மண்டியிட்டது வரைக்கும் சத்தமாகப் படித்தேன். அந்த வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. உன் நல்லதுக்காகவாம். அமிர்தத்தை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வேன்?

போனைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன்.

"நெடுமாறன் சொன்னான்: கை வழுக்கலை. நான்தான் விட்டேன்."

"எந்தக் கை?" என்றார் ஐயாவு அண்ணன். "ஸ்டேஷன்லதானே விட்டுட்டுப் போனான்?"

"குறுக்க பேசாதீங்கண்ணே. நெடுமாறன் சொன்னான்: வேர்வைன்னு நான் சொன்னது பொய். கூட்டத்துல மாப்பிள்ளை வீட்டு மாமா நிக்கிற மாதிரி இருந்துச்சு. டவுசர்ல பார்த்துட்டா கல்யாணம் நின்னுடும்னு பயந்துட்டேன். மூஞ்சியை மூடிக்கத்தான் கையை எடுத்தேன். கடைசில பார்த்தா அது மாமாவே இல்லை."

"ஏம்மா, நெடுமாறன் ஆம்பிளைப் பயதானே? அவனுக்கு ஏது மாப்பிள்ளை வீடு? வேற ஏதோ கதையைப் படிக்கிற பாரு நீ."

என்னால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கிக்கொண்டு தெரிந்தது.

"ஐயாவு அண்ணே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள் அமிர்தம்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்.

"போனைக் கீழ வச்சிட்டுச் சொல்லு" என்றாள் அமிர்தம்.

வைத்தேன். "நான்தான் கையை விட்டேன் அமிர்தம்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஆறு வருசம் அந்தக் கையைப் புடிச்சிருக்கேன், வழுக்கறதுக்கும் விடறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? நீ ஏன் விட்டன்னுதான் தெரியலை. மாமாவா! அட பாவி, ஒரு மாமாவுக்காகவா?"

"அது மாமாகூட இல்லைடீ."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கை விட்டதை விடு. பத்தொன்பது வயசு, பயந்துட்ட. ஆஸ்பத்திரில ரெண்டு மாசம் கெடந்தேன். நம்ம செட்டு அத்தனை பேரும் வந்தாங்க. டீச்சர் மூணு தடவை வந்தாங்க. நம்மளைத் தோக்கடிச்ச டீம் பொண்ணுங்க வந்துச்சுங்கடீ, ஹார்லிக்ஸ், பிரெட்டு எல்லாம் வாங்கிக்கிட்டு. கதவு தொறந்தா நீதான்னு எழுந்து உக்காருவேன். வீட்டுக்கு வந்தப்புறமும் பஸ்ஸு வந்து நின்னா சன்னல் வழியா பாப்பேன். போலீஸ் வேலை போச்சுன்னுகூட அப்படி அழலை. ரெண்டு ஸ்டாப்பு மேகலா. நடந்தே வரலாம்."

"மன்னிச்சுடு அமிர்தம்."

"நெல்லு கொட்டற எடத்துல வச்சா மன்னிப்புக் கேப்பாங்க?" என்றாள், கோபமாக. "கதையில வர்றவளை மன்னிக்கச் சொல்லி ஒருத்தி எழுதிடுவா. எனக்கு அப்படியெல்லாம் வராது."

அதற்குள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து, ஒரு நொடி என் தோளில் கை ஊன்றி நின்று, நடந்து போனாள். ஈரம் பதினாறரைதான் காட்டியது. மூட்டை பிடித்து, எடை போட்டு, ஆறு மணிக்கு அவள் டிராக்டர் போய்விட்டது. போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஐயாவு அண்ணன், "சேந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லிடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சேர்ந்துவிட்டார்கள் என்றேன். அந்த அத்தியாயத்துக்கு மட்டும் நான் கருத்து எழுதவில்லை.

என் நெல் காய்ந்து, சனிக்கிழமை சாயங்காலம் எடைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாபநாசம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பாக்கெட் பிரெட், ஆறு சாத்துக்குடி வாங்கினேன். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பார்க்க வேறு என்ன வாங்கிக்கொண்டு போவார்கள்?

"யாருக்கு உடம்பு சரியில்லைங்க?" என்றார் கடைக்காரர்.

"சிநேகிதிக்கு. முழங்கால்ல அடி."

"அடடா, எப்பங்க?"

சில்லறையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சரியாக எட்டு நிமிஷம். இறங்கி, ஊர் அடையாளமே மாறியிருந்ததால் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தேன். விசாரித்திருக்கவே வேண்டாம், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது, சன்னல் ரோட்டைப் பார்த்திருந்தது. வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அமிர்தத்தின் அதே தோள், மகளாகத்தான் இருக்கவேண்டும்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

அமிர்தம் நிலைப்படிக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த பையைப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு வலது காலைக் கட்டில் மேல் நீட்டி, புடவையை முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டாள். கால் நடுவில் நீளமாக ஒரு தழும்பு, இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள்.

"பாக்க வந்த இல்ல, பாரு" என்றாள். "வந்தவ என்ன கேக்கணும்? கேளு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தத் தழும்பின் மேல் கையை வைத்தேன்.

"வலிக்குதா அமிர்தம்?"

அவள் என்னையே பார்த்தாள். உதடு கோணியது. நாற்பத்து மூன்று வயசுப் பொம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தாள்.

"வலிச்சுதுடீ" என்றாள். "ரொம்ப வலிச்சுது."